தானியங்கிக் கியர்ப் பெட்டியும் ஒரு கம்பியும்

மோட்டார் வண்டி ஓட்டுபவர் மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறார். சமதரைக்கு வந்ததும் காலைத் தளர்த்துகிறார். கையால் கியர் மாற்றும் வண்டியில், எப்போது எந்தக் கியர் வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கிறார். தானியங்கிக் கியர்ப் பெட்டியிலோ அத்தீர்மானத்தை எண்ணெயின் அமுக்கம் செய்கிறது. ஓட்டுபவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பது அவ்வெண்ணெய்க்கு எவ்வாறு எட்டுகிறது? அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982ஆம் ஆண்டு மாடல்களில் புகுத்திய ‘700-ஆர்4’ என்னும் கியர்ப் பெட்டியில், இச்செய்தியைக் கொண்டு செல்வது ஒரு மெல்லிய எஃகுக் கேபிளேயாகும். பழைய கார்களில் இப்பெட்டியைப் பொருத்துவோர் முதன்மையாக அறிந்துகொள்ள வேண்டியது இக்கேபிளின் இயல்பு.

பழைய காருக்குப் புதிய பெட்டி ஏன்?

1950ஆம் ஆண்டில் ஷெவர்லே கார்களில் அறிமுகமான பவர்கிளைடு பெட்டிக்கு இரண்டே கியர்கள். 1969இல் வந்த டர்போ-ஹைட்ராமாடிக் 350 பெட்டிக்கு மூன்று. இவ்விரண்டிலும் உச்சக் கியரில் எஞ்சினும் வெளியேறும் தண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழலும். 700-ஆர்4 பெட்டியின் நான்கு கியர்களின் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70 என்பனவாகும். நான்காவதே ஓவர்டிரைவ், அதில் தண்டு ஒரு முறை சுழல, எஞ்சின் 0.70 முறை சுழன்றால் போதும்.

ஓர் உதாரணம் காண்போம். பின் அச்சின் விகிதம் 3.73 எனவும், டயரின் விட்டம் 26 அங்குலம் எனவும் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், டார்க் கன்வர்ட்டரில் ஏற்படும் சிறு வழுக்கலை நீக்கிக் கணக்கிட்டால், மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,000 முறை சுழலும். ஓவர்டிரைவில் அது 2,100 ஆகக் குறைகிறது. நெடுந்தூரப் பயணத்தில் இரைச்சலும் தேய்மானமும் எரிபொருட் செலவும் குறைவதற்கு இதுவே காரணம்.

கேபிளின் தொழில்

டர்போ-ஹைட்ராமாடிக் 350 பெட்டிக்கும் ஒரு கேபிள் உண்டு. ஆனால் அதன் வேலை வேறு. மிதியை முற்றிலும் அழுத்தும்போது பெட்டியைக் கீழ்க் கியருக்கு இறக்குவதே அதன் பணி. எஞ்சினின் பாரத்தை அப்பெட்டி ஒரு ரப்பர்க் குழாயின் வழியே, எஞ்சினின் உறிஞ்சு குழலிலுள்ள வெற்றிடத்தைக் கொண்டு அறிந்துகொள்ளும். ஆதலால் அதன் கேபிள் சற்றுத் தளர்ந்திருப்பினும் பெரும் தீங்கு நேர்வதில்லை.

700-ஆர்4 பெட்டியில் வெற்றிடக் குழாய் கிடையாது. பாரத்தைப் பற்றிய செய்தி முழுவதும் கேபிள் வழியாகவே செல்கிறது. கார்புரேட்டரின் திராட்டில் திறக்குந்தோறும் கேபிள் இழுக்கப்பட்டு, பெட்டிக்குள் இருக்கும் திராட்டில் வால்வை அழுத்துகிறது. அவ்வால்விலிருந்து வெளிவரும் எண்ணெயின் அமுக்கம் இரு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, கியர் மாறும் தருணத்தை அது நிர்ணயிக்கிறது. வண்டியின் வேகத்திற்கு ஏற்ப உயரும் கவர்னர் அமுக்கம் ஒரு புறமும், திராட்டில் அமுக்கமும் வில்லும் மறுபுறமுமாக நின்று, மாற்று வால்வைத் தள்ளுகின்றன. எது வெல்கிறதோ அதன்படி கியர் அமைகிறது. இரண்டாவது, கிளச் தட்டுகளை இறுகப் பிடிக்கும் பிரதான எண்ணெய் அமுக்கத்தையும் அதுவே உயர்த்துகிறது.

இரண்டாவது வேலையே மிக முக்கியமானது. கேபிள் தளர்ந்திருந்தால், எஞ்சின் பலமாக முயலும்போதும் பிரதான அமுக்கம் தாழ்ந்தே நிற்கும். தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கலால் சூடேறும், சூட்டினால் அவற்றின் மேற்பூச்சுக் கருகும். மூன்றாவது, நான்காவது கியர்களுக்குரிய கிளச்சே பெரும்பாலும் முதலில் அழிகிறது. புதிதாகச் செப்பனிட்ட பெட்டியும் சில மைல்களுக்குள் பாழாகிவிடக்கூடும். மாறாக, கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் கியர்கள் காலங் கடந்தும் அதிர்ச்சியுடனும் மாறும்.

கோணத்தின் முக்கியத்துவம்

கேபிளின் நீளத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அது மாட்டப்படும் முளை, திராட்டில் தண்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 1⅛ அங்குலம், அதாவது 28 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பழைய கார்புரேட்டர்களின் நெம்புகோல் இதற்கென அமைக்கப்பட்டதன்று. ஆகவே தனியான ஒரு தாங்கியும் நெம்புகோல் துண்டும் தேவைப்படும்.

தொடக்கக் கோணமும் பொருந்த வேண்டும். நெம்புகோல் கேபிளுக்குச் செங்குத்தாக இருக்கையில் திராட்டில் 10 பாகை திறந்தால், கேபிள் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நகரும். நெம்புகோல் கேபிளின் கோட்டிலிருந்து 20 பாகை மட்டுமே விலகியிருந்தால், அதே 10 பாகைக்குக் கேபிள் 2 மில்லிமீட்டரே நகரும். முழுத் திறப்பில் கேபிள் சரியாக எட்டினாலும், சாதாரண ஓட்டத்தில் அமுக்கம் குறைந்தே இருக்கும். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டியும் கிளச் கருகுவது இதனாலேயே.

பொருத்தும் முறை

எஞ்சினை நிறுத்தியபின், ஒருவர் மிதியை முழுதும் அழுத்த, கார்புரேட்டர் முற்றிலும் திறக்கிறதா என முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கேபிளின் உறை அசையாத தாங்கியில் நிற்க வேண்டும். கேபிள் எங்கும் கூர்மையாக வளையாமலும், புகைபோக்கிக் குழாயின் வெப்பத்திற்கு எட்டாமலும் செல்ல வேண்டும். திராட்டிலை மூடுவதற்கு அதற்குரிய வில்லே போதிய வலிமையுடன் இருக்க வேண்டும். கேபிள் சிக்கிக்கொண்டு திராட்டில் திறந்தே நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பின்னர், கேபிளின் மேல்முனையிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு, நகரும் துண்டை நெம்புகோலுக்கு எதிர்ப்புறமாக முழுவதும் தள்ளிப் பொத்தானை விட்டுவிட வேண்டும். அடுத்து நெம்புகோலைக் கையால் முழுத் திறப்புவரை திருப்பினால், துண்டு ‘கிளிக்’ என்ற ஒலியுடன் பல் பல்லாக நகர்ந்து உரிய இடத்தில் நிற்கும். திராட்டில் மூடிய நிலையில் கேபிள் தொய்வின்றி இருக்க வேண்டும். ஆயினும் வால்வை இழுத்துக்கொண்டிருக்கலாகாது.

கண்ணுக்குச் சரியெனப் பட்டதைக் கருவியாலும் உறுதிசெய்தல் வேண்டும். சதுர அங்குலத்திற்கு 300 பவுண்டு வரை காட்டும் அமுக்கமானியைப் பெட்டியின் சோதனைத் துளையில் இணைத்து, திராட்டிலைச் சிறிதளவு அசைத்தவுடன் முள் உயருகிறதா எனக் காணலாம். உயராவிடில் வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்லலாகாது.

1993ஆம் ஆண்டு முதல் இப்பெட்டியின் வழிவந்த 4எல்60-இ வகையில் கேபிளின் வேலையை மின்னணுக் கருவிகள் மேற்கொண்டன. எனினும், கணிப்பொறி இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இன்றும் கேபிளே ஏற்றதாயுள்ளது. அதைப் பூட்டுவதற்குப் பெரும் பொருளோ அரிய கருவிகளோ தேவையில்லை. அளவிலும் கோணத்திலும் சிறிது கவனம் இருந்தால், பெரும் பொருள் செலவிட்டு வாங்கிய பெட்டி நெடுநாள் உழைக்கும்.