சாவிக்கொத்தும் இரண்டு சொற்களும்

ஆங்கில பாஷையில் ‘செல்ப் கவர்ன்மெண்ட்’ என்றும், ‘ரெஸ்பான்ஸிபிள் கவர்ன்மெண்ட்’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. முன்னதைத் தன்னாட்சி என்றும் பின்னதைப் பொறுப்பாட்சி என்றும் தமிழில் சொல்லலாம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் பன்னிரண்டு வருஷ காலம் இந்தியாவின் தலைவிதி இவ்விரண்டுக்கும் இடையில் ஊசலாடிற்று.

ஒரு குடும்பத்தின் காரியங்களில் அயலார் தலையிடாதிருந்தால் அது தன்னாட்சி. சாவிக்கொத்துப் பாட்டியார் இடுப்பிலேயே இருந்து, அவரை யாரும் கணக்குக் கேட்க முடியாமற் போனாலும் அது தன்னாட்சிதான்! பொறுப்பாட்சி அப்படியன்று. சாவி வைத்திருப்பவர் வீட்டாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அவர்களுடைய நம்பிக்கை போய்விட்டால் சாவியைக் கீழே வைத்துவிட வேண்டும். சட்டசபையின் நம்பிக்கையை இழந்த மந்திரிகள் ராஜிநாமாச் செய்வது இதனால்தான்.

1917-ஆம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி, இந்தியா மந்திரி மாண்டேகு பார்லிமெண்டில் ஒரு பிரகடனம் வெளியிட்டார். அதன் நகலில் முடிவான இலட்சியமாக முதலில் இருந்தது தன்னாட்சி. யுத்த மந்திரிசபையிலிருந்த கர்ஸன் பிரபு அதை அடித்துவிட்டுப் பொறுப்பாட்சி என்று எழுதினார். இந்தச் சொல்லில் அபாயம் குறைவு என்று எண்ணினார் போலும். ஆனால் அரசியல் சாஸ்திரப்படி பொறுப்பாட்சி என்பது ஜனப் பிரதிநிதிகளுக்கு அடங்கிய மந்திரிசபையல்லவா? 1905-இல் வங்காளத்தைப் பிளந்த அதே கை இதையும் எழுதிற்று என்பது வேடிக்கைதான்.

1919-ஆம் வருஷச் சட்டம் வந்தபோது கிடைத்தது பாதிச் சாவிக்கொத்து. மாகாணங்களில் கல்வியும் சுகாதாரமும் சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளிடம் வந்தன. போலீஸும் நிலவரியும் கவர்னர் பக்கமே நின்றன. பணப்பெட்டியும் அங்கேதான்!

1924 பிப்ரவரியில், சென்னை அங்கத்தினர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார், டொமினியன்களுக்கு உள்ளது போன்ற பூரணத் தன்னாட்சி வேண்டுமென்று டில்லி சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். சர்க்கார் தரப்பில் எழுந்த ஸர் மால்கம் ஹெய்லி, “வாக்களித்தது பொறுப்பாட்சியே, டொமினியன் தன்னாட்சி அதைவிடப் பெரியது” என்ற கருத்துப்படப் பேசினார். பொறுப்புள்ள மந்திரிசபை இருந்தாலும் சட்டசபையின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டலாம் என்பது வாதம். தர்க்கத்தில் குற்றமில்லை, கொடுக்க மனமில்லாதவர்களுக்குத் தர்க்கம் நன்றாகவே வரும்.

1929 அக்டோபர் 31-ந் தேதி, வைஸ்ராய் இர்வின் பிரபு, டொமினியன் அந்தஸ்தும் 1917-ஆம் வருஷப் பிரகடனத்தில் அடக்கமே என்று அறிவித்தார். இதற்குள் நம்மவர்களுக்கு அகராதி அலுத்துவிட்டது. அந்த டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பூரண ஸ்வராஜ்யம் என்று தீர்மானம் செய்தது.