கோவை டூ மைசூரு ரோடு ட்ரிப்: ராத்திரி 9 மணிக்கு காடு மூடிடும்... பிளான் போடுவது எப்படி?

கோவையில் இருந்து ஊட்டி, முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு. மேப்பில் போட்டுப் பார்த்தால் ஒரே நாளில் போய்விடலாம் போலத்தான் தெரியும். அதை நம்பி, "சாயங்காலம் ஊட்டியில இருந்து கிளம்பினா போதும், நைட்டு மைசூருல சாப்பிட்டுக்கலாம்" என்று புறப்படுபவர்கள் கடைசியில் கக்கநல்லா சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்வார்கள். கேட் மூடியிருக்கும். திறக்க காலை 6 மணி ஆகும்.

இந்த ரூட்டில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. எந்த கேட் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதுதான் முக்கியம். மூன்று நாள் பயணத்துக்கான முழு விவரம் இதோ.

கேட் ஏன் மூடப்படுகிறது?

பந்திப்பூர் காட்டு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலைகளில் 2009-ல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. வேகமாக வரும் வண்டிகளில் அடிபட்டு மான், சிறுத்தை, யானை என வரிசையாக விலங்குகள் செத்ததுதான் காரணம். 2010-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சுற்றுலா வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. முதுமலை பக்கமும் இதே நேரம்தான். ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கு விலக்கு உண்டு.

9 மணிக்கு கேட் மூடுகிறது என்பதற்காக 8.50-க்கு உள்ளே நுழைவதும் சரியில்லை. இருட்டிய பிறகு சாலையில் யானை நின்றால் கிட்டப் போகும்வரை தெரியாது. பொழுது சாயும் முன்பே காட்டைத் தாண்டிவிடுங்கள்.

கிளம்பும் முன் இ-பாஸ்

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். தமிழக அரசின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம், வார இறுதியில் 8 ஆயிரம் வண்டிகள் மட்டும்தான் என உச்சவரம்பும் வைக்கப்பட்டது. சீசன் டைமில் கடைசி நிமிஷத்தில் பாஸ் கிடைக்கும் என்று நம்பி ரூம் போடாதீர்கள்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொண்டால் வழியில் இருக்கும் வாட்டர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

நாள் 1: கோவை - ஊட்டி

மேட்டுப்பாளையத்தில் இருந்து இரண்டு மலைப்பாதைகள் உண்டு. ஒன்று குன்னூர் வழி, இன்னொன்று கோத்தகிரி வழி. கோடை சீசனில் இது ஒருவழிப் பாதையாக மாறும். ஏறுவது குன்னூர் வழியாக, இறங்குவது கோத்தகிரி வழியாக. இன்று ஊட்டியிலேயே தங்கிவிடுங்கள்.

மேப்பில் ஊட்டிக்கு மேற்கே முக்குர்த்தி தேசியப் பூங்கா என்று பச்சையாகத் தெரியும். நம்ம மாநில விலங்கான வரையாடு வாழும் இடம். ஆனால் அது சுற்றுலாத் தலம் இல்லை. நினைத்தவுடன் உள்ளே போக முடியாது, பிளானில் சேர்க்காதீர்கள்.

நாள் 2: ஊட்டி - முதுமலை - பந்திப்பூர்

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். ஊட்டியில் இருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழி. கல்லட்டி, மசினகுடி வழியாகப் போனால் சுமார் 36 கி.மீ.தான். ஆனால் செங்குத்தான இறக்கம், 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் சூடாகி, பிடிக்காமல் போய் விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகள் இந்த வழியில் இறங்க அனுமதி இல்லை. மேப் காட்டும் ஷார்ட்கட்டை நம்பிப் போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

கூடலூர் வழி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். ஆனால் அந்தப் பாதையில் பார்க்க நிறைய இருக்கிறது. பைக்காரா நீர்வீழ்ச்சி, நடுவட்டம் தேயிலைத் தோட்டங்கள், மொத்த பள்ளத்தாக்கும் தெரியும் ஊசிமலை என வரிசையாக வரும். கூடலூரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து தெப்பக்காடு யானைகள் முகாம். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் எடுக்கப்பட்டது இங்கேதான். காலை, மாலை என குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்தான் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்கலாம். நேரத்தை விசாரித்து அதற்கேற்ப ஊட்டியில் இருந்து கிளம்புங்கள்.

தங்குவது மசினகுடியா, பந்திப்பூரா? எதுவாக இருந்தாலும் அனுமதி பெற்ற விடுதியா என்று பாருங்கள். மசினகுடி பக்கம் சீகூர் யானை வழித்தடத்தை 2020-ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அதில் இருந்த பல விடுதிகளுக்கு ஏற்கனவே சீல் வைக்கப்பட்டது. "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம்" என்று யாராவது ஜீப்போடு வந்தால் ஏறாதீர்கள், அது சட்டவிரோதம்.

நாள் 3: பந்திப்பூர் - மைசூரு

1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது தேர்வான முதல் 9 காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. சஃபாரிக்கு சொந்த வண்டியில் போக முடியாது. காட்டுத்தீ, கனமழை, புலி நடமாட்டம் என்று காரணம் வந்தால் திடீரென நிறுத்திவிடுவார்கள். முந்தைய நாளே உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்து குண்டுலுப்பேட்டை அருகே ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா. 1,454 மீட்டர் உயரத்தில் மலைக்கோயில். காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏற வேண்டும். அங்கிருந்து மதியம் கிளம்பினாலும் சாயங்காலத்துக்குள் மைசூரு வந்துவிடலாம்.

திரும்பும்போது சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம், சத்தியமங்கலம் வழியாக வரலாம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இங்கேயும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. கரும்பு லாரிக்காக யானைகள் சாலையில் காத்து நிற்கும் ஏரியா என்பதால் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

யானை வழியில் நின்றால்?

வண்டியை தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்கக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது. கிட்ட வந்தால் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் செல்ஃபி எடுக்க யானையை நெருங்கிய ஒருவர், துரத்தி வந்த யானையிடம் மிதிபட்டு மயிரிழையில் உயிர் தப்பினார். வனத்துறை அவருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் போட்டது.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தி சாப்பிடுவது, குரங்குக்கு சிப்ஸ் போடுவது எல்லாமே தடைதான். பசங்களை பாத்ரூம் கூட்டிப் போக வேண்டும் என்றாலும் காட்டுக்குள் நுழையும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் இறங்க இடம் கிடையாது.