பக்கத்துத் துறைமுகமா, பயன்படும் துறைமுகமா?

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஆவூரில் கடல் கிடையாது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் செய்த சரக்கு வெளிநாடு போகவேண்டும் என்றால், கடலைத் தேடித்தான் போகவேண்டும்.

எந்தத் துறைமுகத்துக்குப் போவது?

திருச்சியில் இருந்து காரைக்கால் சுமார் 150 கிலோ மீட்டர். தூத்துக்குடி சுமார் 280. சென்னை சுமார் 330.

"அப்புறம் என்ன யோசனை? காரைக்காலுக்கே அனுப்பவேண்டியதுதானே!" என்று தோன்றும். வியாபாரிகள் அப்படிச் செய்வது இல்லை. காரைக்கால், பெரும்பாலும் நிலக்கரி போன்ற சரக்குகளை மலை மலையாக இறக்கும் துறைமுகம். பனியனும் சட்டையும் போவதோ "கண்டெய்னர்" என்ற இரும்புப் பெட்டியில். பெட்டி ஏற்றும் கப்பல் எங்கே அடிக்கடி வருகிறதோ, அங்கேதான் பெட்டியும் போகும்.

தாய்க் கப்பல்

திருப்பூர் பனியன்கள் தூத்துக்குடி வழியாக ஏராளமாகப் போகின்றன. 1974-ல் பெரிய துறைமுகமாகத் திறக்கப்பட்டு, 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்ட துறைமுகம் அது.

ஆனால் ஐரோப்பாவுக்குப் போகும் மிகப் பெரிய கப்பல்கள் அங்கே வருவது இல்லை. அவற்றுக்கு ஆழம் போதாது. ஆகவே, பெட்டிகள் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போகின்றன. அங்கே 18 மீட்டர் ஆழத்தில் துறை கட்டியிருக்கிறார்கள். அங்கேதான் பெட்டிகள் "தாய்க் கப்பல்" ஏறும்.

தாய்க் கப்பல் வழக்கமாக வாரம் ஒரு முறை வரும். சிறிய கப்பல் அரை நாள் தாமதித்தால், பெட்டி ஒரு வாரம் கொழும்பிலேயே கிடக்கவேண்டியதுதான்! கிறிஸ்துமசுக்கு விற்கவேண்டிய சட்டை, பண்டிகை முடிந்து போய்ச் சேர்ந்தால் யார் வாங்குவார்கள்? அந்தப் பயத்தில் சரக்கை விமானத்தில் ஏற்றுவதும் உண்டு. அப்போது லாபமெல்லாம் விமானக் கூலிக்கே சரியாகிவிடும்.

யாருடைய கடிகாரம்?

துறைமுகங்களுக்கும் மார்க் போடுகிறார்கள். உலக வங்கி வெளியிட்ட 2023-ம் ஆண்டுப் பட்டியலில் 405 துறைமுகங்கள் இருந்தன. சீனாவின் யாங்ஷான் முதல் இடம். விசாகப்பட்டினம் முதல் 20-க்குள் வந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு 47-வது இடம். சென்னைக்கு 80-வது இடம்.

மார்க் போடுவது எப்படி? கப்பல் துறைமுகத்துக்கு வந்ததில் இருந்து, வேலை முடிந்து புறப்படும்வரை எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பார்க்கிறார்கள். இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் இந்த நேரம் 2013-14-ல் சராசரி 94 மணி. 2023-24-ல் அது 48 மணியாகக் குறைந்தது. பாதிக்குப் பாதி! பாராட்டவேண்டிய வேலைதான்.

ஆனால், இந்தக் கடிகாரம் கப்பலில் மாட்டிய கடிகாரம். லாரியில் மாட்டியது அல்ல.

சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைவதற்காக, எண்ணூர்ச் சாலையில் லாரிகள் மைல் கணக்கில் வரிசை பிடித்து நின்ற காலம் உண்டு. டிரைவர்கள் லாரியிலேயே தூங்கினார்கள். அந்த நேரம் பட்டியலில் ஏறாது. நெரிசலைத் தீர்ப்பதற்காகத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலையைத் தொடங்கினார்கள், பாதியில் நின்றது, 2022-ல் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள்.

சரக்கு அனுப்புகிறவர் கேட்பது வேறு. ஆலை வாசலில் இருந்து வாங்குகிறவர் கைக்குப் போக எத்தனை நாள்? சொன்ன நாளில் போகுமா? 20 நாள் என்று சொல்லி 20 நாளில் சேர்க்கும் வழியைத்தான் அவர் விரும்புவார். 15 நாள் என்று சொல்லி 25 நாள் ஆக்கும் வழி அவருக்கு வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. பல நேரங்களில் துறைமுகத்தை அவர் தேர்ந்தெடுப்பதே இல்லை! வெளிநாட்டில் வாங்குகிறவர் கப்பல் கம்பெனியைச் சொல்லிவிடுவார். அந்தக் கப்பல் எங்கே நிற்குமோ, அதுதான் துறைமுகம்.

2025 மே மாதம், கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இயற்கையிலேயே ஆழமான கடல். தாய்க் கப்பல்கள் நேராக வருகின்றன. கொழும்புக்குப் போகும் தமிழ்நாட்டுப் பெட்டிகளில் எத்தனை இந்தப் பக்கம் திரும்பும் என்பது, சிறிய கப்பல்கள் எந்தக் கிழமையில் ஓடுகின்றன, என்ன கூலி கேட்கின்றன என்பதைப் பொறுத்தது.