காரைக்காலில் கேட்ட தமிழும் பாஸ்க் நாட்டுக் கதைகளும்

நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன். சித்தூரில் அரிசி மண்டி வைத்துப் பிழைப்பவன். எங்கள் நயினார் வீடுகளில் சீவக சிந்தாமணி என்றால் தனி மதிப்பு. அதன் பதிப்பு வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் எனக்கு அறிமுகமானார்.

வின்சோன் 1843இல் பாரிசில் பிறந்தவர். வளர்ந்தது அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில். தமிழைப் பிள்ளைப் பருவத்திலேயே காதால் கேட்டுப் பழகினார். பிறகு பிரான்சு போய்க் காட்டிலாகாப் படிப்பு முடித்து அதிகாரியானார். வேலை கிடைத்த இடம் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய தென்மேற்குப் பகுதி. அங்கே ஒரு பக்கம் பாஸ்க் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசும் மொழிக்குப் பிரெஞ்சோடும் உறவில்லை, ஸ்பானிய மொழியோடும் உறவில்லை.

மரத்துக்குக் கணக்கு எழுதப் போன மனிதர் அந்த மொழியையும் கற்றுக்கொண்டார். அவர்களுடைய கதை, பாட்டு, விடுகதை, பழமொழி எல்லாவற்றையும் திரட்டி 1883இல் நூலாக்கினார். பாஸ்க் மொழி நூல்களுக்கு ஒரு பெரிய அட்டவணையும் தொகுத்து 1891இல் வெளியிட்டார். இதற்கிடையே 1879 முதல் பாரிசின் கீழை மொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்து, அங்கேயே பேராசிரியரும் ஆனார்.

சிந்தாமணிக்கு வருகிறேன். உ.வே.சாமிநாதையர் அதை 1887இல் பதிப்பித்தார். சைவரான அவர், சமண மரபுச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெளிந்தவர். அந்தப் பதிப்பு பாரிசு வரை போயிற்று. வின்சோன் ஐயருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். 'என் சரித்திர'த்தில் ஐயர் இதைச் சொல்கிறார். 1900இல் சிந்தாமணி, சிலம்பு, மேகலைக் கதைகளைப் பிரெஞ்சில் இரண்டு தொகுதிகளாக வின்சோன் கொடுத்தார். 1903இல் ஒரு தமிழ் இலக்கண நூலும் எழுதினார். 1926இல் காலமானார்.

இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன்? நாமும் எல்லைக்காரர்கள்தான். வட ஆர்க்காட்டிலிருந்து பெரும்பகுதி பிரிந்து 1911இல் சித்தூர் ஜில்லா வந்தது. 1953இல் அது ஆந்திராவோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. சித்தூரிலும் திருப்பதியிலும் நாம் இருக்கிறோம். கடையில் தெலுங்கு, வீட்டில் தமிழ். தெலுங்கு நமக்குச் சோறு போடும் மொழி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருப்பதியில் படிக்கும் என் பேத்தி தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. சிந்தாமணியைக் கையில் கொடுத்தால், "நீங்களே படிச்சுச் சொல்லுங்க தாத்தா" என்கிறாள்.

என் பாட்டி சொன்ன விடுகதைகளில் பாதி எனக்கே மறந்துபோச்சு. அரிசி வரவுக்கு நாள் தவறாமல் பேரேடு எழுதினேன், பாட்டி வாய்ச்சொல்லை ஒரு வரி எழுதி வைக்கவில்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரர் பாஸ்க் வீடுகளுக்காகச் செய்ததை, சொந்தப் பேரன் நான் என் வீட்டுக்குச் செய்யவில்லை.

ஆகையால் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். தமிழெழுத்து வராத பிள்ளை முதலில் தெலுங்கெழுத்திலேயே எழுதினாலும் குற்றமில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதக் கற்றுக்கொடுப்போம். என் பேத்தியோடு நான் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினோரு விடுகதை சேர்ந்திருக்கிறது.