மாட்டுக்கு லோன் போடுறதுக்கு முன்னாடி புல்லைப் போடுங்க!

சம்பளம் கொஞ்சம் ஏறினதும் நம்மில் பலருக்கு வர்ற ஆசை இது: ஊர்ல அப்பா அம்மாவுக்கு இன்னொரு கறவை மாடு வாங்கிக் கொடுக்கலாம். கையில காசு இல்லைன்னா பர்சனல் லோன். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: அந்த மாடு என்ன சாப்பிடப் போகுது?

பால் மாட்டுச் செலவுல பாதிக்கு மேல தீவனத்துக்குத்தான் போகுது. 60,000 ரூபாய் லோன், 12% வட்டி, 2 வருஷம்னா இஎம்ஐ சுமார் 2,825 ரூபாய். மாடு பால் வத்தி நிக்கிற 2 மாசமும் இஎம்ஐ நிக்காது, தீவனச் செலவும் நிக்காது. கோடையில தீவனம் கிடைக்காம மாட்டை அடிமாட்டு விலைக்கு வித்தாலும், லோன் உங்க பேர்லதான் இருக்கும்.

அதனால முதல் முதலீடு புல்லா இருக்கட்டும். கணக்கு பார்ப்போம்.

ஒரு பசுவுக்கு தினம் 25 கிலோ பசுந்தீவனம்னா வருஷத்துக்கு சுமார் 9 டன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ-4 கம்பு நேப்பியர் புல், நல்ல பராமரிப்புல ஏக்கருக்கு வருஷம் 150 டன் வரை தரும். நம்ம காட்டுல அதுல பாதிதான் வருதுன்னு வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு மாட்டுக்கு 12 சென்ட் போதும். ரெண்டு மாட்டுக்கு 25 சென்ட், சுமார் 3,300 கரணை. ஒரு கரணை 1 ரூபாய்னா 3,300 ரூபாய்; உழவு, கூலி, உரம் தனி. நட்டு 75 நாள்ல முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒரு தடவை. ஒரு தடவை நட்டா சில வருஷம் தாங்கும்.

புல் மட்டும் போதாது, புரதம் வேணும். 3 வரிசை புல்லுக்கு 1 வரிசை வேலிமசால் போடச் சொல்லுங்க. இதனால மாட்டுக்கு தினம் 1 கிலோ அடர்தீவனம் மிச்சமானாலே, கிலோ 30 ரூபாய்னு வெச்சா, ரெண்டு மாட்டுக்கு மாசம் 1,800 ரூபாய். நறுக்கிப் போட்டா வீணாகுறதும் குறையும்.

தண்ணி இல்லையா? நேப்பியர் வேண்டாம். காங்கேயம் பக்கத்து கொரங்காடு மாதிரி, மானாவாரில கொழுக்கட்டைப் புல் யோசிங்க.

இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணி மூணு விஷயம் கேளுங்க: எத்தனை சென்ட் சும்மா கிடக்கு? கோடையில கிணத்துல தண்ணி நிக்குதா? தினம் அறுத்துப் போட அவங்க உடம்பு ஒத்துழைக்குமா? மூணுக்கும் நல்ல பதில் வந்து, ஒரு கோடையையும் புல் தாண்டிடுச்சுன்னா, அப்புறம் மாடு வாங்குங்க.