பட்டை உரித்தவர்களே வழிகாட்டிகள்

கேரளத்தின் தேக்கடியில், முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தைச் சுற்றி 925 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது பெரியாறு புலிகள் காப்பகம். காட்டு இலவங்க மரங்களின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்பது ஒரு காலத்தில் இங்கே சிலருக்குப் பிழைப்பு. சுற்றிலும் பட்டை உரிந்த மரம் பட்டுப்போகும். 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வனத்துறை அவர்களையே பயணிகளின் வழிகாட்டிகளாக்கியது. காட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த வேலைக்கு வேறு யார் பொருத்தம்?

ஏரிப் படகில் போகும் கூட்டம் கரையில் நிற்கும் யானையைத் தூரத்திலிருந்து படமெடுத்துத் திரும்பிவிடும். நடந்து போகும் சிறு குழுவுக்குக் கிடைப்பது வேறு. அட்டைக்கடிக்கு அஞ்சி முழங்கால்வரை துணியுறை மாட்டிக்கொண்டு நடப்பவர்கள், ஈரமண்ணில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்க்கிறார்கள். நகக்குறி இருந்தால் பெரும்பாலும் செந்நாய். புலி நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். யானை லத்தியில் விதைகள் முளைவிட்டிருப்பதும் அப்படித்தான் கண்ணில் படுகிறது. பயணிகள் கட்டும் கட்டணத்திலிருந்து வழிகாட்டிகளுக்கு வருமானம் கிடைக்கிறது. அதே பாதைகளில் கள்ள வேட்டைக்கு எதிரான ரோந்தும் சேர்ந்தே நடந்துவிடுகிறது.