கடல் கடக்கும் நிக்காஹ்

காரைதீவு, கல்முனை உள்ளிட்ட எமது கரையோரத்தில் பிள்ளைகள் கடல் கடந்து வாழும் குடும்பங்கள் பல. இங்கு செல்லும் திருமணமும் தலாக்கும் அங்கும் செல்லுமா? இதனை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதிவின்மை என்ற காரணத்தால் மட்டும் இலங்கையில் நிக்காஹ் செல்லாததாகிவிடாது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அந்நாட்டுத் திருமணச் சட்டத்தின் வழிமுறைகளைப் பின்பற்றாது அங்கு நடத்தப்படும் நிக்காஹ், சட்டத்தின் முன் திருமணமே அல்ல என 2020இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் இங்கு முறையாக நடந்த நிக்காஹை அந்நாடு பொதுவாக ஏற்கும். திருமணம் நடந்த நாட்டின் சட்டமே இதில் அளவுகோல்.

தலாக்கும் அவ்வாறே. எமது சட்டப்படி, கணவர் காதி நீதிவானுக்கு அறிவித்து, சமரச முயற்சி பயனளிக்காவிடின், 30 நாட்களின் பின்னரே காதியின் முன்னிலையில் தலாக் கூறலாம். ஆனால், லண்டனில் இருந்தவாறு கூறப்படும் தலாக்கை 1986ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடும்பச் சட்டம் ஏற்காது. அங்கு பெறும் விவாகரத்தை நீதிமன்றமே வழங்க வேண்டும்.

இதனால் ஒரு நாட்டில் மனைவியாகவும் மறுநாட்டில் அந்நியராகவும் நிற்பவர்கள் பெரும்பாலும் எமது பெண்மக்களே. தாபரிப்பு, வாரிசுரிமை, வீசா, மறுமணம் யாவும் கேள்விக்குறியாகின்றன. எனவே மஹரைப் பேசும்போதே பதிவையும் பேசுவது பெற்றோரின் கடமை என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.